வெளிச்சத்துக்கு வேகம் பார்த்த கெர்ட்ரூட்

ஈப்போ நகரின் சிலிபின் பகுதியில் கெர்ட்ரூடைத் தெரியாதவர்கள் குறைவு. தெரிந்தவர்களில் அவளிடமிருந்து ஒருமுறையாவது நழுவி ஓடாதவர்கள் அதைவிடக் குறைவு. ஞாயிறு பூசை முடிந்து தேவாலய வாசலில் நாலு பேர் நின்றால், பேச்சு எங்கே ஆரம்பித்தாலும் அவள் அதைக் கொண்டுபோய் ஒரே இடத்தில்தான் நிறுத்துவாள்.

"நான் வெளிச்சத்துக்கு வேகம் பார்த்திருக்கேன், தெரியும்ல?"

புதிதாகக் கேட்பவர்கள் சிரிப்பார்கள். பழையவர்கள் கார் சாவியைத் தேட ஆரம்பிப்பார்கள். கணவர் பெர்னார்ட் மட்டும் கூடவே நின்று, "எங்க வீட்டுல வெளிச்சமே அவளக் கேட்டுட்டுத்தான் ஓடும்" என்பார். கிண்டலா பெருமையா என்று அவர் முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. இரண்டும்தான் என்று நான் நினைக்கிறேன்.

அவள் சொல்வது பொய்யில்லை. அவள் வேலை பைபர் ஒட்டுவது. வீட்டுக்கு வரும் இணையம் இப்போதெல்லாம் செம்புக் கம்பியில் வருவதில்லை. தலைமுடி அளவே இருக்கும் கண்ணாடி இழைக்குள் வெளிச்சமாக ஓடி வருகிறது. இழை அறுந்தால், அறுந்த இடத்தைத் தேடிப் பிடித்து, இரண்டு முனைகளையும் உருக்கி ஒட்ட வேண்டும். ஒரு சிறிய ஒப்பந்த நிறுவனத்துக்காக அதைத்தான் அவள் பல வருஷமாகச் செய்கிறாள். கூடச் சேர்ந்த பெண்கள் குளிரூட்டிய அறையில் தொலைபேசியோடு உட்கார்ந்துவிட, இவள் ஏணியைத் தூக்கிக்கொண்டு பேராக் மாநிலம் முழுவதும் அலைந்தாள். அதில் அவளுக்கு ஏகப்பட்ட பெருமை. அதை அவள் ஒருநாளும் மறைத்ததில்லை.

வெளிச்சத்தோடு அவளுக்குப் பள்ளிக்கூடத்திலேயே தகராறு. வெளிச்சம் நொடிக்கு மூன்று லட்சம் கிலோமீட்டர் போகும் என்று ஐந்தாம் படிவத்தில் ஆசிரியை எழுதிப் போட்டார். சுவிட்சைத் தட்டினால் அறை முழுக்க வெளிச்சம், இதில் நேரம் எங்கே வந்தது என்று கெர்ட்ரூடுக்குப் புரியவில்லை. எந்தக் கடிகாரத்தை வைத்துப் பார்த்தார்கள் என்று கேட்டாள். தேர்வில் அந்தக் கேள்வி வராது என்று பதில் வந்தது. அவளும் எழுதச் சொன்ன எண்ணை எழுதித் தேறினாள், கொஞ்சமும் நம்பாமல்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் பயிற்சி வகுப்பில் ஒரு மெஷினைக் காட்டினார்கள். இழையின் முனையில் அதைப் பொருத்தினால், ஒரு சொட்டு வெளிச்சத்தை உள்ளே அனுப்பும். அறுந்த இடத்தில் அது பட்டு, கொஞ்சம் திரும்பி வரும். போய்வர ஆன நேரத்தைப் பார்த்து, இத்தனையாவது மீட்டரில் அறுந்திருக்கிறது என்று மெஷின் சொல்லிவிடும். பக்கத்தில் இருந்தவர்கள் தலையாட்டினார்கள். கெர்ட்ரூட் கையைத் தூக்கினாள்.

"சார், மெஷினுக்கு வெளிச்சத்தோட வேகத்த யாரு சொன்னா?"

"நாமதான் உள்ள போட்டு வெச்சிருக்கோம்," என்றார் பயிற்றுநர்.

"நாமளே போட்டுட்டு நாமளே நம்புறதா?"

வகுப்பு சிரித்தது. நல்ல மனிதர் அவர், கோபப்படவில்லை. "சாப்பாட்டு நேரத்துல நீயே அளந்து பாரு லா" என்று மெஷினை அவளிடம் விட்டுவிட்டுப் போனார்.

அறையின் மூலையில் ஓர் உருளையில் இரண்டு கிலோமீட்டர் கேபிள் சுற்றியிருந்தது. கேபிளின் தோலில் மீட்டருக்கு ஒரு எண் அச்சடித்திருப்பார்கள். அவள் முதல் எண்ணையும் கடைசி எண்ணையும் பார்த்து, இரண்டு கிலோமீட்டர்தான் என்று உறுதி செய்துகொண்டாள். மெஷினைத் தூரத்துக்குப் பதிலாக நேரத்தைக் காட்டும்படி மாற்றினாள். வெளிச்சத்தை விட்டாள். ஒரு நொடியைப் பத்து லட்சம் துண்டாக நறுக்கினால், அதில் பத்தொன்பதரைத் துண்டுக்குச் சற்று அதிகம். அவ்வளவு நேரத்தில் வெளிச்சம் கடைசி வரை போய்த் திரும்பியிருந்தது.

சாப்பிடப் போகவில்லை. போக இரண்டு, வர இரண்டு, மொத்தம் நாலு கிலோமீட்டர். நேரத்தால் வகுத்தாள். நொடிக்கு இரண்டு லட்சத்து நாலாயிரம் கிலோமீட்டர் என்று வந்தது. புத்தகம் மூன்று லட்சம் என்றதே என்று முகம் சுருங்கிப்போனது. திரும்பி வந்த பயிற்றுநர், கண்ணாடிக்குள் வெளிச்சம் மெதுவாகத்தான் போகும், வெட்டவெளியில் எவ்வளவு என்று தெரிய வேண்டுமானால் இந்தக் கண்ணாடிக்கு உரிய எண்ணான 1.468ஆல் பெருக்கு என்றார். பெருக்கினாள். இரண்டு லட்சத்துத் தொண்ணூற்று ஒன்பதாயிரத்துச் சொச்சம் என்று கைப்பேசியில் வந்து நின்றது.

ஐந்தாம் படிவத்தில் நம்பாமலே எழுதிய விடை. அதை இப்போது அவளே தன் கையால் பிடித்திருந்தாள். சந்தோஷம் தாங்கவில்லை. அன்று சாயங்காலம் வகுப்பு முழுவதற்கும் பிசாங் கோரெங் என்ற வாழைப்பழப் பஜ்ஜி வாங்கிக் கொடுத்தாள். தேவாலய வாசலில் பேச ஆரம்பித்தது அந்த வாரம்தான்.

இப்படிப்பட்டவளுக்கு நிஜமான சோதனை சுங்காயில் வந்தது. அதுவும் அவள் பிறந்த தோட்டத்திலேயே வந்தது.

புக்கிட் செராய் தோட்டம் ஒரு காலத்தில் ரப்பர். இன்று கண்ணுக்கு எட்டிய தூரம் எண்ணெய்ப்பனை. லயத்து வீடுகளை இடித்துவிட்டுப் பக்கத்திலேயே தாமான் என்கிற புதுக் குடியிருப்பைக் கட்டி, அங்கிருந்தவர்களைக் குடியேற்றினார்கள். மாரியம்மன் கோயில் மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கிறது. கெர்ட்ரூட் கிறிஸ்துவக் குடும்பம்தான், ஆனாலும் தேர்த் திருவிழாவுக்கு வராத வருஷம் இல்லை. அவள் பெயரை முழுசாகச் சொல்ல அங்கே யாருக்கும் பொறுமை கிடையாது. எல்லாருக்கும் அவள் கெர்த்தி.

அந்த வருஷம் தேருக்கு இரண்டு நாள் முன்பு, சாயங்கால இடிமழையில், தோட்டத்துக்குப் போகும் பைபர் செத்துப்போனது. கிளினிக்கில் நோயாளிகளின் விவரம் திறக்கவில்லை. பள்ளிக்கூடம் தவித்தது. கைப்பேசியில் பேச முடிந்தது, இணையம் மட்டும் வரவில்லை. சிங்கப்பூரில் வேலை பார்க்கும் பிள்ளைகள் தேரைக் கைப்பேசியில் பார்க்கலாம் என்று கோயிலில் செய்திருந்த ஏற்பாடும் நின்றது. மறுநாள் ஒரு பகல்தான் கையில் இருந்தது. வெள்ளிக்கிழமை கூட்டம் சேர்ந்துவிட்டால் மூன்று நாளைக்கு அங்கே ஏணி வைக்க முடியாது.

கெர்ட்ரூடின் குழுத் தலைவர் அப்போதுதான் வேலையை விட்டுப் போயிருந்தார். மேற்பார்வையாளர் மகேந்திரன் அவளைக் கூப்பிட்டு, "இந்த வேலைக்கு நீதான் தல" என்றார். கூடவே, "சரியா முடிச்சுட்டா டீம் உன்னுது. இல்லன்னா வேற ஆளப் போடச் சொல்லுவாங்க, என்னையக் கோவிச்சுக்காத" என்றும் சொன்னார். எத்தனையோ வருஷம் இன்னொருவர் கைகாட்டிய இடத்தில் ஒட்டியவள். முதல் தடவையாக அவள் கைகாட்டப் போகிறாள்.

வியாழன் காலை மகேந்திரன் சுங்காய்ச் சாலையோரத்தில் பைபர் கிளம்பும் இரும்புப் பெட்டியைத் திறந்து, வெளிச்சம் அனுப்பும் மெஷினோடு உட்கார்ந்தார். எண் வந்தது: மூவாயிரத்து அறுநூற்று நாற்பது மீட்டர். வழியில் கேபிள்காரர்கள் அங்கங்கே கொஞ்சம் கேபிளைச் சுருட்டித் தூணில் தொங்கவிட்டிருப்பார்கள், பின்னால் பழுது வந்தால் இழுத்துக்கொள்ள. வரைபடத்தில் இருந்த சுருள்களையெல்லாம் கெர்ட்ரூட் கழித்தாள். மிச்சத்தை அளவுச் சக்கரத்தால் உருட்டிக்கொண்டே நடந்தாள். தோண்டுவதற்குக் கூட வந்த சன்னாசி, சாலை உடைக்கும் மெஷினை வேனில் வைத்துப் பின்னாலேயே ஓட்டி வந்தார்.

சக்கரம் கோயில் வாசலுக்கு நேரே வந்து நின்றது. அவள் சுண்ணாம்புக் கட்டியால் தரையில் ஒரு பெருக்கல் குறி போட்டாள். போட்ட பிறகுதான் அது எந்தத் தரை என்று பார்த்தாள்.

கீழே இருந்தது புத்தம்புதுச் சிமெண்டுப் பாதை. பழைய பாதையில் தேர்ச் சக்கரம் வருஷாவருஷம் புதைந்து நின்றது என்று, தாமான் மொத்தமும் கோத்தோங் ரோயோங் என்னும் ஊர்க்கூட்டு வேலை வைத்துத் தாங்களே மண் சுமந்து, தாங்களே கலந்து போட்ட பாதை. போட்டு ஒரு மாதம்தான் ஆகிறது. தேர் அதன்மேல் இன்னும் ஒருமுறைகூட ஓடவில்லை.

கோயில் தலைவர் பிச்சைமுத்து வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார். குறியைப் பார்த்தார். கெர்ட்ரூடைப் பார்த்தார்.

"இங்கயா தங்கச்சி?"

"மெஷின் இங்கதான் காட்டுது அண்ணே."

அவர் பாதையைக் கடைசிவரை ஒருமுறை பார்த்தார். பிறகு, "கிளினிக்குல நெஞ்சுவலிக்காரங்க காத்திருக்காங்க. வேணாம்னு சொல்ல எனக்கு வாய் வரல" என்றார். "ஆனா ஒரு குழிதான். நம்ம புள்ளன்னு உன்னைய நம்பி வுடுறேன். ராத்திரிக்குள்ள நாங்க பூசி மொழுகிக்குவோம். அதுல ஒண்ணும் இல்லன்னா, இன்னொண்ணு தோண்டக் கேக்காத."

சத்தம் போட்டுத் திட்டியிருந்தால்கூட அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும். இந்தக் குழி வீணானால் குழுத் தலைவர் வேலை போகும். அது போனால் போகட்டும். இந்த மனிதர்கள் முகத்தில் இனி எப்படி விழிப்பது?

சன்னாசி உடைக்கும் மெஷினை இறக்கி, அதன் கூர்முனையைக் குறியின் நடுவில் வைத்தார். "அக்கா, ஆரம்பிக்கட்டா?"

"இருங்கண்ணே. கொஞ்சம் இருங்க."

அவள் தரையில் குந்தி உட்கார்ந்து சிமெண்டைத் தடவிப் பார்த்தாள். ஒரு கீறல் இல்லை. பாதை போட்டு ஒரு மாதமாக லைன் நன்றாகத்தான் ஓடியது. நேற்றுச் சாயங்காலம்தான் அறுந்தது. யாரும் தொடாத இந்தக் கல்லுக்கு அடியில், நேற்று எது போய் அறுத்திருக்கும்? இடி என்கிறார்கள். இடி விழுந்தால் மேலே ஒரு தடயமாவது இருக்காதா?

மகேந்திரனைக் கைப்பேசியில் அழைத்துச் சந்தேகத்தைச் சொன்னாள். அவர் சொன்னது நியாயமாகத்தான் இருந்தது. "மெஷின் பழசு கெர்ட்ரூட். ஈப்போலேர்ந்து வேற மெஷின் வரச் சொல்றேன். வர்றதுக்கு மத்தியானம் ஆயிடும், அவ்ளோதான்."

"வேணாம் சார். காலைலேர்ந்து எத்தன தடவ பாத்தீங்க, எல்லாத் தடவையும் அதே நம்பர்தான். இந்தக் கண்ணாடிக்குள்ள வெளிச்சம் நேத்து வேகமா இன்னிக்கு மெதுவாலாம் ஓடாது. நான் அளந்து பாத்திருக்கேன்."

"தெரியும் லா, நூறு தடவ சொல்லிட்ட."

"அப்ப தப்பு நம்மகிட்டதான் சார். நான் ரோட்ட அளந்தேன். வெளிச்சம் ரோட்டுல போவல, கேபிளுக்குள்ள போவுது. வழியில எங்கயோ நமக்குத் தெரியாம கேபிள் கூடுதலா கெடக்கு."

சொல்லி முடித்ததும் அவளுக்கே தைரியம் வந்தது. பிச்சைமுத்துவிடம் திரும்பினாள். அவர் ஒன்றும் புரியாமல் நின்றிருந்தார். அவருக்குப் புரிகிற மாதிரி சொன்னாள்: பழைய ரப்பர் ஆலைச் சுவருக்கு எதிரே நின்று கைதட்டினால் கொஞ்சம் பொறுத்துச் சத்தம் திரும்பி வருமே, அதே மாதிரி வெளிச்சமும் திரும்பி வருகிறது, எவ்வளவு பொறுத்து வருகிறது என்பதை வைத்துத் தூரம் சொல்கிறோம், ஆனால் நடுவில் கேபிள் சுற்றிக் கிடந்தால், நடந்து அளந்த கணக்கு உதைக்கும்.

"இந்த ரோட்டுல கேபிள யாராச்சும் மாத்திக் கட்டுனாங்களா அண்ணே?"

"மாத்துனாங்களே." பிச்சைமுத்துவின் முகம் மலர்ந்தது. தேரைப் பற்றிப் பேச வாய்ப்புக் கிடைத்தால் அவருக்கு மற்றதெல்லாம் மறந்துவிடும். "நம்ம தேரு முந்தி மாதிரியா? கலசத்தோட சேத்து எவ்ளோ ஒசரம். குறுக்க போன கேபிளு ஒவ்வொரு வருசமும் கலசத்துல மாட்டும். ரெண்டு வருசம் முன்ன கேபிள் போடுறவங்க வந்தாங்க. நான்தான் கையப் புடிச்சிக் கெஞ்சி, இங்க மண்ணுக்குள்ள எறக்கச் சொன்னேன். நாளைக்கே தேரு இன்னும் ஒசரமாச்சுன்னா, அங்கிட்டு தூணுல இருக்குற கேபிளயும் தூக்கிக் கட்டணும்ல? அதுக்குத் தாராளமா ஒரு சுருள் வுட்டுட்டுப் போங்கன்னு சொன்னேன். நல்ல பசங்க, வுட்டாங்க."

கெர்ட்ரூட் எழுந்து நின்றாள். "எங்க அண்ணே அந்தச் சுருளு?"

"அந்தா, கடைசித் தூணுல."

கோயிலுக்குச் சற்று முன்னால் சாலையோரத்தில் ஒரு தூண். அதில் சுருளும் தெரியவில்லை, எதுவும் தெரியவில்லை. ஏனென்றால் அங்கே திருவிழா பேனர் கட்டியிருந்தது. அம்மன் ஓரத்தில் சின்னதாகவும், கைகூப்பி நிற்கும் பிச்சைமுத்து நடுவில் ஆளுயரத்துக்கும் இருந்தார்கள். காலையில் அதைக் கடந்து நடந்தபோது கெர்ட்ரூட் அவருக்கு மனசுக்குள் ஒரு வணக்கம்கூடப் போட்டிருந்தாள்.

"பேனரக் கொஞ்சம் தூக்கலாமா அண்ணே?"

அவர் ஒரு கணம் தயங்கினார். பிறகு தானே போய்க் கயிற்றை அவிழ்த்தார். பின்னால் மாட்டு வண்டிச் சக்கரம் அளவில் கேபிள் சுருண்டு தொங்கியது. அதன் கீழே, வரைபடத்தில் இல்லாத ஓர் இணைப்புப் பெட்டியும் இருந்தது. தேருக்காகக் கேட்ட உதவியைச் செய்துவிட்டு, அதை யாரிடமும் சொல்லாமல் போயிருந்தார்கள் அந்த நல்ல பசங்கள்.

அவள் சுருளை எண்ணிக்கொண்டிருக்கவில்லை. அதைவிட நம்பகமான ஆள் அவளுக்குத் தெரியும். ஏணியில் ஏறிப் பெட்டியைத் திறந்து, அறுந்துபோன லைனின் இழையைத் தேடி எடுத்தாள். கைப்பேசியைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டாள். இழையை ஒரு பென்சிலின் மேல் வளைத்தாள். அப்படி வளைத்தால் அந்த இடத்தில் வெளிச்சம் கொஞ்சம் வெளியே கசிந்துவிடும். கசிந்த இடம் தூரத்தில் இருக்கும் மெஷினுக்குத் தெரியும்.

"சார், இப்ப வளைச்சிருக்கேன். பாருங்க."

"வந்துருச்சு. மெஷின் தெரையில கோடு ஒரு எடத்துல எறங்குது."

"எத்தனையில?"

"மூவாயிரத்து அறுநூத்து இருபது."

பென்சிலை எடுத்தாள். "இப்ப?"

"போயிருச்சு."

மறுபடி வளைத்தாள். மறுபடி வந்தது. ஏணியின் மேல் நின்றபடி கெர்ட்ரூட் வாய்விட்டுச் சிரித்தாள். வெளிச்சம் ஓடி வந்து அவள் விரலைத் தொட்டுவிட்டு, ஓடிப் போய், அவள் இன்ன இடத்தில் நிற்கிறாள் என்று மகேந்திரனிடம் சொல்லிவிட்டது. அறுந்த இடம் மூவாயிரத்து அறுநூற்று நாற்பது என்றால், அவள் கையிலிருந்து இன்னும் இருபது மீட்டர் கேபிள்தான். புதுப்பாதை தொடங்குவதற்கு முன்னாலேயே.

இறங்கிச் சக்கரத்தை உருட்டினாள். இருபது மீட்டருக்குள் அது முட்டி நின்றது தண்ணீர்ப் பந்தலில். தேர் பார்க்க வருகிறவர்களுக்கு மோரும் பானகமும் கொடுக்கப் போட்ட கூடாரம். அதன் கயிற்றை இழுத்துக் கட்ட, சாலையோர மண்ணில் ஒரு நீளமான இரும்பு முளை அடித்திருந்தது.

"இத எப்ப அடிச்சீங்க?" என்று கேட்டார் சன்னாசி.

பிச்சைமுத்து தொண்டையைக் கனைத்தார். "நேத்து சாயங்காலம். மழ வர்றதுக்குள்ள முடிக்கணும்னு நான்தான் அடிச்சேன்."

உடைக்கும் மெஷினுக்கு வேலையே இல்லாமல் போனது. சன்னாசி மண்வெட்டியால் முழங்கால் ஆழம் தோண்டினார். கேபிள் போகும் ஆரஞ்சு நிறக் குழாய் தெரிந்தது. அதன் நடுமுதுகில் முளை இறங்கியிருந்தது. ஒரு நாள் முழுக்க இடியின் மேல் பழி போட்டுக்கொண்டிருந்த கூட்டம், குழிக்குள் எட்டிப் பார்த்தது. பிறகு மெல்லத் திரும்பித் தன் தலைவரைப் பார்த்தது. பிச்சைமுத்து பந்தல் நாற்காலியில் உட்கார்ந்து, துண்டால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கினார். அழுகிறார் என்று கெர்ட்ரூட் பதறினாள். அவர் சிரித்துக்கொண்டிருந்தார்.

"நான் அடிச்ச முளைக்கு என் ரோட்டையே ஒடைக்க இருந்தேனே தங்கச்சி."

அவள் குடைக்குக் கீழே உட்கார்ந்து இழைகளை ஒவ்வொன்றாக ஒட்டினாள். கடைசி இழை ஒட்டியதும் மகேந்திரன் அழைத்தார். "கடைசி வரைக்கும் போவுது. சுத்தமா போவுது." பிறகு, "அடுத்த வாரம் தெலுக் இந்தான்ல பெரிய வேலை. உன் டீம கூட்டிட்டு வந்துரு" என்றார்.

உன் டீம் என்றார். அவள் பதில் சொல்வதற்குள், சுற்றி நின்றவர்களின் சட்டைப் பைகளில் கைப்பேசிகள் ஒன்றன்பின் ஒன்றாக ஒலிக்க ஆரம்பித்தன. ஒரு நாள் முழுக்க வராமல் கிடந்த செய்திகள் எல்லாம் மொத்தமாக வந்து இறங்கிக்கொண்டிருந்தன.

வெள்ளிக்கிழமை பிற்பகலில் அவள் பெர்னார்டோடு திருவிழாவுக்கு வந்தாள். கோலம் போடுவதற்காகப் பெண்கள் பாதையைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். வாசலுக்கு நேரே, ஒரு முழம் இடம் மட்டும் கழுவாமல் இருந்தது. அங்கே அவள் போட்ட பெருக்கல் குறி அப்படியே வெள்ளையாக இருந்தது.

"அழிக்க வேணாம்னு நான்தான் சொன்னேன்," என்றார் பிச்சைமுத்து. "நம்ம ரோட்டுல விழ இருந்த குழி அது. விழாம நின்னுருச்சுன்னு அம்மனும் பாக்கட்டும்."

தேர் வரும்வரை சும்மா நிற்க முடியுமா? கூட்டத்தில் யாரோ, அதெப்படி இருந்த இடத்திலிருந்து கண்டுபிடித்தாய் என்று கேட்டுவிட்டார்கள். கெர்ட்ரூட் மூச்சை இழுத்தாள். "நான் வெளிச்சத்துக்கு வேகம் பார்த்திருக்கேன், தெரியும்ல?" என்று ஆரம்பித்தாள். பழக்கத்தில் பெர்னார்ட் சுற்றிலும் பார்த்தார். ஒருத்தரும் நழுவவில்லை. பின்னால் நின்றவர்கள் கேட்பதற்காக முன்னால் வந்தார்கள்.

அவள் உருளையைப் பற்றிச் சொல்லி முடிப்பதற்குள் மேளம் முழங்கியது. தேர் கிளம்பிவிட்டது. அவள் பேச்சைப் பாதியில் விட்டுவிட்டு ஓடிப்போய் வடத்தைப் பிடித்தாள். மற்றவர்களோடு சேர்ந்து அவளும் இழுத்தாள். கலசம் எதிலும் மாட்டாமல் தூண்களைக் கடந்தது. பெரிய மரச்சக்கரம் புதுச் சிமெண்டில் ஏறியது. குறியின் மேல் உருண்டது. எங்கும் புதையாமல் ஓடியது.